ஜனவரியில் பார்த்த கடையை செப்டம்பரில் போய்ப் பாருங்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக சொகுசுக் கப்பலில் பார்டெண்டராக வேலை பார்க்கிறேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஜமைக்காவில் நெக்ரில் கடற்கரையில், தன் அத்தை இடத்தில் இருக்கும் பழைய பாரை இருவரும் சேர்ந்து எடுத்து நடத்தலாம் என்று கப்பலில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் கூப்பிடுகிறான். 2025 ஜனவரியில் விடுப்பில் போய்ப் பார்த்தேன். உட்கார இடமில்லாத கூட்டம். ஒரு நாளைக்கு 150 பேர், ஆளுக்கு 10 டாலர் என்று வைத்தாலே மாதம் 45,000 டாலர் வருகிறது. என்னிடம் 70 லட்சம் ரூபாய் இருக்கிறது. பேச்சு ஆளுக்குப் பாதி. இறங்கலாமா? லைசன்ஸ், அனுமதி எல்லாம் எப்படி? மெனுவில் நம்மூர் ஐட்டம் வைத்தால் எடுபடுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

தம்பி, மாண்டேகோ பேயிலும் நெக்ரிலிலும் பதினோரு வருடம் ஹோட்டல்களில் சரக்குக் கணக்குப் பார்த்தவன் நான். பாட்டிலில் இருந்து எவ்வளவு இறங்கியது, கல்லாவில் எவ்வளவு ஏறியது, நடுவில் எவ்வளவு காணாமல் போனது, இதுதான் என் பிழைப்பு. அதனால் கணக்குப்பிள்ளை புத்தியில்தான் பதில் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 45,000. நீங்கள் பார்த்தது ஜனவரி. டிசம்பர் நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர் வாட்டும் மாதங்கள்தான் நெக்ரிலின் அறுவடை. மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து குவிவார்கள். ஆகஸ்ட் 1 விடுதலை நாள், 6 சுதந்திர நாள் என்று ஒரு வாரம் கிங்ஸ்டனில் இருந்து உள்ளூர்க் கூட்டம் வரும். அவ்வளவுதான். செப்டம்பர், அக்டோபரில் அங்கே கடை நடத்துவது என்பது வாடகை கொடுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது.

செப்டம்பர் மதியம் ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மணிக்கு மழை பிடித்துவிட்டது. ஓலைக் கூரையில் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பெயிண்ட் வாளி. பார்டெண்டர் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மூலையில் நாலு உள்ளூர்க்காரர்கள் டாமினோஸ் ஆடுகிறார்கள். அங்கே அந்தக் காயை மெதுவாக வைக்கமாட்டார்கள், பலகை அதிர ஓங்கி அடிப்பார்கள். நாலு பேருக்கும் சேர்த்து மேஜையில் இரண்டு ரெட் ஸ்ட்ரைப் பீர், அதுவும் ஒரு மணி நேரமாக. சாயங்காலம் கல்லாவை எண்ணினால் அன்றைய ஐஸ் காசு வரவில்லை. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடியது, இரண்டு பேருக்குச் சம்பளம், இரவுக் காவலுக்கு ஒருவர், வாடகை. நான் கணக்குப் பார்த்த ஒரு சின்ன பாரில் இப்படியான நாட்கள் தொடர்ந்து ஏழு வாரம் வந்தன.

ஆகவே நான்கு மாதம் சம்பாதித்ததைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பிச் சாப்பிடும் தொழில் இது. நம் ஊரில் ஒரு போகம் மட்டும் விளையும் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு இது புரியும். கப்பலில் வாரா வாரம் புதுக் கூட்டம் ஏறும் இடத்தில் பன்னிரண்டு வருடம் நின்ற உங்களுக்குப் புரிய ஒரு செப்டம்பர் தேவைப்படும்.

அந்த 10 டாலரும் முழுசாக உங்கள் பணம் இல்லை. அங்கே பொது நுகர்வு வரி 15 சதவீதம். விலைப்பலகையில் வரியோடு சேர்த்து 10 என்று எழுதினால் உங்களுக்கு வருவது 8.70. அதில் சரக்கு, ஐஸ், பழம், ஸ்ட்ரா எல்லாம் போக வேண்டும். கார்டு தேய்த்தால் வங்கி தன் பங்கை எடுக்கும்.

அப்புறம் வாடிக்கையாளர். கடற்கரையில் நடக்கிறவர்கள் கையைப் பார்த்தீர்களா? பாதிப் பேர் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை இருந்திருக்கும். சாப்பாடும் குடியும் சேர்த்து முன்கூட்டியே காசு கட்டிவிட்டு வருகிற ரிசார்ட்டுகளின் விருந்தினர் அவர்கள். ஜமைக்காவிலேயே 1981இல் தொடங்கிய சாண்டல்ஸ் மாதிரி நிறுவனங்கள் வளர்த்தெடுத்த ஏற்பாடு அது. நடந்து போனால் இலவசமாகக் கிடைக்கும் ரம் பஞ்ச் என்ற பழச்சாறு கலந்த ரம்முக்கு அவர் ஏன் உங்களிடம் 10 டாலர் நீட்ட வேண்டும்? நீட்டுவார், காரணம் இருந்தால். ஹோட்டல் பஃபே சலித்திருக்கும். பிமெண்டோ மரக் கட்டையில் வாட்டிய, அந்த ஊர்க் கார மசாலா தடவிய ஜெர்க் சிக்கன் வாசம் இழுக்கும். நேரடி ரெக்கே இசை இருக்கும். எதுவும் இல்லாவிட்டாலும் அவசரத்துக்குக் கழிப்பறை இருக்கும். கடைசியில் சொன்னதைச் சிரித்துவிட்டுத் தள்ளாதீர்கள். தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறையும் நிழலில் நாலு சாய்வு நாற்காலியும் புது காக்டெயிலைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

கப்பல் நண்பர்கள் பயணிகளை அனுப்பிவைப்பார்கள் என்ற எண்ணம் மனதில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கப்பல்கள் நிற்பது மாண்டேகோ பே, ஃபால்மத், ஓச்சோ ரியோஸ். மாண்டேகோ பேயில் இருந்து நெக்ரில் 80 கிலோமீட்டர் பக்கம். பஸ்ஸில் வரும் பயணி கப்பல் கிளம்புவதற்குள் திரும்ப வேண்டும். நெக்ரில் மேற்குப் பார்த்த கடற்கரை, அங்கே பணம் விழுவதே சூரியன் விழும் நேரத்தில்தான். டிசம்பரில் ஐந்தரை மணிவாக்கில் அஸ்தமனம். அந்த நேரத்தில் கப்பல் பயணி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இனி இடம். உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்திய சொல் ‘அத்தை இடம்’. ஜமைக்காவில் குடும்ப நிலம் என்று ஒரு வழக்கம் உண்டு. தாத்தாவோ பாட்டியோ வாங்கிப் போட்டது, எழுத்துப்பூர்வமாகப் பிரிக்காமலேயே எல்லா வாரிசுக்கும் உரிமை என்று தலைமுறை தலைமுறையாக வருவது. நம் பிதுரார்ஜித சொத்தும் பங்காளித் தகராறும் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தை நல்லவராகவே இருப்பார். நீங்கள் கூரை மாற்றி, கவுண்டர் போட்டு, வியாபாரம் பிடித்த இரண்டாம் வருடம், நியூயார்க்கில் இருந்தோ லண்டனில் இருந்தோ அத்தையின் அண்ணன் மகன் வந்து இறங்குவார்.

பதிவான நிலம் என்றால் அதற்குத் தொகுதி எண், பக்க எண் இருக்கும். அதை வைத்து தேசிய நில முகமையில் உங்கள் வக்கீல் தேடிப் பார்க்கட்டும். நண்பனின் வக்கீல் இல்லை, உங்களுக்கென்று தனியாக ஒருவர். நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவீர்களா? ஆவணத்தில் அத்தை பெயர் தனியாக இல்லாவிட்டால், பெயர் உள்ள அத்தனை பேரும் குத்தகையில் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டார்கள் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இடம் சரியாக இருந்தாலும் மணல் உங்களுடையது ஆகாது. 1956 கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அலை வந்து போகும் பகுதியும் கடலடியும் அரசுடையவை. அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த தேசிய சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் வேண்டும். அந்த மணலும் தேய்ந்துகொண்டு வருகிறது. நெக்ரிலில் கரை ஆண்டுக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை பின்வாங்குகிறது என்று 2010இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ஆய்வு சொன்னது. பத்து வருடக் குத்தகை எழுதுகிறவர் கையில் அளவுநாடாவோடு போக வேண்டிய கடற்கரை அது. அத்தையிடம் பழைய போட்டோ இருந்தால் வாங்கிப் பாருங்கள். முன்னால் நின்ற தென்னை இப்போது எங்கே என்று கேளுங்கள்.

லைசன்ஸ் விஷயம் அலைச்சல்தான், ஆனால் மர்மம் ஒன்றும் இல்லை. கம்பெனிப் பதிவு, வரி எண், மது விற்க ஸ்பிரிட் லைசன்ஸ், சமையல் இருந்தால் சுகாதாரத் துறையின் சான்று, உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை, பாட்டுப் போட்டால் இசையமைப்பாளர் சங்கத்துக்குக் கட்டணம். இரவுச் சத்தத்துக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இசை நிகழ்ச்சி வைக்கும் இரவுகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கஞ்சா பற்றியும் ஒரு வார்த்தை: 2015 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருந்தால் அபராதச் சீட்டோடு போகும், ஆனால் பொது இடத்தில் புகைப்பது இன்னும் தப்புதான். ‘ஜமைக்காவில் எல்லாம் ஓகே’ என்று உங்கள் வாடிக்கையாளர்கள் பற்றவைப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

உங்களுக்குத் தனியாக வேலை அனுமதி வேண்டும். பங்குதாரர் என்பதாலேயே கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊற்றும் உரிமை வந்துவிடாது. உள்ளூர் ஆள் செய்யக்கூடிய வேலைக்கு வெளிநாட்டுக்காரருக்கு எதற்கு அனுமதி என்றுதான் தொழிலாளர் அமைச்சகம் கேட்கும், நியாயமான கேள்வி. அதனால் பார்டெண்டராக இல்லாமல் மேலாளராக, முதலீட்டாளராக விண்ணப்பிக்கும் வழியை வக்கீலிடம் கேளுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கிளாஸ்கூட ஊற்றாதீர்கள். போட்டியாளர் ஒருவர் போனை எடுத்தால் போதும்.

‘பன்னிரண்டு வருட அனுபவம் இருக்கிறதே’ என்பீர்கள். ஊற்றும் அனுபவம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் கப்பலில் நீங்கள் காசைத் தொட்டதே இல்லை. எல்லாம் கேபின் அட்டை. சரக்கு கீழ்த்தளத்தில் இருந்து தானாக வரும், ஐஸ் தானாக வரும். நெக்ரிலில் ஒரே கல்லாவில் அமெரிக்க டாலரும் ஜமைக்கா டாலரும் கலந்து விழும். ஒரு அமெரிக்க டாலருக்கு 160 ஜமைக்கா டாலர் பக்கம். அமெரிக்க நோட்டை வாங்கி உள்ளூர் நோட்டில் சில்லறை கொடுக்கும் இடத்தில், இன்று என்ன விகிதம் என்று பலகையில் எழுதிப் போடாவிட்டால் அந்த வித்தியாசம் உங்களுக்கு வராது.

ஒரு பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 750 மில்லி ரம். ஒன்றரை அவுன்ஸ், அதாவது 44 மில்லி அளந்து ஊற்றினால் 17 கிளாஸ். டிப்ஸுக்காகக் கை தாராளமாகி 60 மில்லி ஆனால் 12தான். பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ் மணலில் போகிறது. இதாவது கண்ணுக்குத் தெரியும் ஓட்டை. என்னை ஆறு மாதம் முட்டாளாக்கியது வேறொன்று. ஒரு பாரில் வாராவாரம் பாட்டில்களைத் தராசில் வைத்துப் பார்ப்பேன். இருப்பும் விற்பனையும் நூல் பிடித்த மாதிரி பொருந்தும். ஆனால் கூட்டத்துக்கும் கல்லாவுக்கும் சம்பந்தமே இருக்காது. கடைசியில் பார்த்தால் பார்டெண்டர் தன் சொந்தப் பாட்டிலைப் பையில் கொண்டுவந்து, என் ஐஸில், என் கிளாஸில், என் ஜூஸைக் கலந்து விற்றுக் காசைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். ரம் குறையவே இல்லை, எப்படிக் கண்டுபிடிப்பேன்? காட்டிக்கொடுத்தது அன்னாசி ஜூஸ். ரம்முக்குப் பொருந்தாத அளவில் ஜூஸ் டப்பாக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் ஜூஸையும் பிளாஸ்டிக் கப்பையும் எண்ணுகிறேன். நீங்களும் எண்ணுங்கள், பாட்டிலில் ரகசியக் குறி போடுங்கள்.

ஆட்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட வேண்டாம். நல்ல ஆட்கள் அங்கே நிறைய உண்டு, சம்பளம்தான் குறைவு. 2025 ஜூனில் இருந்து குறைந்தபட்ச ஊதியம் 40 மணி நேர வாரத்துக்கு 16,000 ஜமைக்கா டாலர், 100 அமெரிக்க டாலர்தான். அதற்கு மேல் கொடுத்தால்தான் நல்லவர் நிற்பார். நம் ஏலச்சீட்டு மாதிரி அங்கே ‘பார்ட்னர்’ என்று ஒன்று உண்டு. ஊழியர்கள் வாராவாரம் போட்டு முறைவைத்து எடுப்பார்கள். யாருக்கு எந்த வாரம் சீட்டு விழுகிறது என்று தெரிந்து வைத்திருக்கும் முதலாளிக்கு, யார் எப்போது முன்பணம் கேட்பார், யார் எப்போது வேலையை விடுவார் என்பது ஓரளவு தெரியும். ‘சூன் கம்’ என்றால் நம் ‘இதோ வந்துட்டேன்’தான், பிளம்பர் நாளைக்கும் வரலாம்.

ஐஸ் மெஷின் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜமைக்காவில் மின்சாரம் 110 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் அமெரிக்கா மாதிரி, ஹெர்ட்ஸ் நம்மூர் மாதிரி. மயாமியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த கம்ப்ரசரைக் கொண்டுவந்து மாட்டினால் வேகம் குறைந்து, சூடேறி, சீசன் உச்சத்தில் படுத்துவிடும். எனக்கு டிசம்பர் 28 அன்று படுத்தது. இரண்டும் தாங்கும் என்று தகட்டில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மின்கட்டணம் நம்மூர் போல நினைத்தீர்களானால் முதல் பில்லில் மயக்கம் வரும்.

இப்போது, நீங்கள் எழுதாமல் விட்டது. நீங்கள் கடையைப் பார்த்தது 2025 ஜனவரி. அதே வருடம் அக்டோபர் 28 அன்று மெலிஸா புயல் ஐந்தாம் வகை வலுவோடு, மணிக்கு ஏறக்குறைய 295 கிலோமீட்டர் காற்றோடு ஜமைக்காவில் கரையேறியது. கரையேறிய இடம் நியூ ஹோப் அருகே, வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டம். நெக்ரிலின் பெரும்பகுதி அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கூரை நிற்கிறதா, கவுண்டர் இருக்கிறதா, முன்னால் மணல் எவ்வளவு மிச்சம் என்று நண்பனிடம் கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. ‘பழைய பாரை எடுத்து நடத்தலாம்’ என்பது ‘இடிந்த பாரை உன் காசில் கட்டலாம்’ என்பதாக மாறியிருக்கலாம். நண்பன் ஏமாற்றுகிறான் என்று சொல்லவில்லை. அவனும் கப்பலில்தானே இருக்கிறான், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

1974இல் தொடங்கிய ரிக்ஸ் கஃபே, நெக்ரில் பாறை முனையில் உலகமே அறிந்த இடம், 1988 கில்பர்ட் புயலிலும் 2004 ஐவன் புயலிலும் அடிவாங்கி மறுபடி கட்டப்பட்டது. அவர்களிடம் திரும்பக் கட்டப் பணம் இருந்தது. 70 லட்சத்தையும் முதல் நாளே கூரையிலும் ஃபிரிட்ஜிலும் போட்டுவிட்ட ஆளிடம் இருக்காது. காப்பீடு எடுக்கும்போது, மரக் கட்டடத்தை ஏற்கிறார்களா, கடல் ஏறி வந்த சேதம் சேருமா, முதலில் எவ்வளவு உங்கள் கையை விட்டுப் போகும், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணம் அனுப்புவதைப் பொறுத்தவரை, கப்பல் சம்பளம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் இருந்தால் வெளியே கொண்டுபோவதில் சிக்கல் இல்லை. இந்தியாவில் வசிப்பவர் என்ற கணக்கில் அனுப்பினால் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பும் 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் வரும். பங்கு வாங்குவதற்கு முன்பே வங்கியில் படிவம் கேளுங்கள். ‘ஆளுக்குப் பாதி’ என்பதையும் மாற்றுங்கள். பாதிக்குப் பாதி என்றால் சண்டை வரும் நாளில் யாராலும் முடிவெடுக்க முடியாது. யார் காசு, யார் உழைப்பு, ஒருவர் விலகினால் என்ன விலை என்று நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டியது.

எனவே இறங்கலாமா என்பதற்கு என் பதில்: இப்போது இல்லை. கப்பல் ஒப்பந்தத்தை விடாதீர்கள். விடுப்பை இந்தமுறை செப்டம்பரில் கேளுங்கள், யாரும் கேட்காத மாதம், உடனே கிடைக்கும். மூன்று வாரம் நெக்ரிலில் அறை எடுத்துத் தங்கி, அந்த பாருக்கு இரண்டு பக்கத்திலும் உள்ள கடைகளில் தினமும் மூன்று மணி முதல் ஏழு மணி வரை உட்காருங்கள். எத்தனை பேர் நடந்து போனார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த மூன்று எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். 150 பேர் கணக்கை அப்போது பேசலாம். அதற்கு ஆகும் செலவு இரண்டு, மூன்று லட்சம் இருக்கும். 70 லட்சத்தில் அது பெரிய தொகை இல்லை.

மெனு பற்றிக் கேட்டீர்களே, கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி அது. 1845 மே 10 அன்று ‘பிளண்டெல்’ கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் ஜமைக்காவில் இறங்கினார்கள். பெரும்பாலும் வடக்கத்தியர்கள். ஆட்டுக்கறிக் குழம்பு அவர்கள் வழியாகவே அங்கே தேசிய உணவு மாதிரி ஆகிவிட்டது. ஆகவே மசாலாவுக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் அதே காரணத்தால் குழம்பில் நீங்கள் ஜெயிக்கவும் முடியாது. ஒவ்வொருவரும் ‘என் பாட்டி வைப்பதே ருசி’ என்பார்கள். ஜெர்க் சிக்கனை உள்ளூர் ஆளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் ஸ்னாப்பர் என்று சொல்லும் மீன் நம் சங்கரா குடும்பம்தான். அதை முழுசாகப் பொரித்து, மேலே வெங்காயமும் மிளகாயும் காடியில் ஊறவைத்துக் கொட்டுவது அங்கத்திய முறை. நீங்கள் உங்கள் ஊர் முறையில் மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி ஊறவைத்து, துண்டு போட்டுப் பொரித்து, பீரோடு சின்னத் தட்டில் கொடுங்கள். ஸ்காட்ச் பானட் மிளகாயை மட்டும் நம்மூர் மிளகாய்க் கணக்கில் போட்டுவிடாதீர்கள், ஒரு கிலோ மீனுக்குப் பாதி மிளகாய் போதும், அதுவும் விதையை எடுத்துவிட்டு.